குருவிக்குக் கேட்ட சத்தம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? உங்களோடு வேலை செய்யும் வெல்டர் லீவு முடிந்து நாளை திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் கீழ்வீட்டில் உங்கள் அண்ணனுக்குக் கேட்கும். அதோடு, சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். கோபம் ஆறாமல் உங்கள் அண்ணன் யாரிடமும் பேசமாட்டார் என்பதால், அவர் உங்களைக் கூப்பிடுவதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன்.

பெரியவளுக்குப் பரீட்சை முடிந்தது. சின்னவனுக்கு முன்பல் விழுந்து, 'ச' வராமல் எல்லோரையும் சிரிக்கவைக்கிறான்.

அண்ணன் கம்பெனியில் நான் செய்துவந்த மிதவை மேசை ஓட ஆரம்பித்தது. போன் திரைக்குப் போகிற கண்ணாடித் தாள் உங்களுக்குத் தெரியுமே, விரல் பட்டால் கறை, அழுத்தினால் விரிசல். இப்போது அதன் முகத்தை யாரும் தொடுவதில்லை. மேசைப் பலகை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிர்கிறது. நடுவில் இருக்கும் காற்று மெத்தை மாதிரி இறுகி, கண்ணாடியை மயிரிழை உயரத்துக்குத் தூக்கி நிறுத்துகிறது. ஒரு சின்ன இயந்திரக் கை விளிம்பில் நெட்டினால் போதும், வழுக்கிக்கொண்டு போகும். முதல் நாள் அண்ணன் குழந்தை மாதிரி கை தட்டினார்.

அந்த அதிர்வு மனிதக் காதுக்கு எட்டாது என்றுதான் கணக்கு. எனக்குக் கேட்கவில்லை, அண்ணனுக்கும் கேட்கவில்லை. மேசையருகே நிற்கிற பயிற்சிப் பெண்கள் மட்டும் தலைவலி என்றார்கள். எல்லோரும் குருவி என்று கூப்பிடும் பெண், காதுக்குள் ஊசி குத்துகிற மாதிரி விசில் கேட்கிறது என்றாள். வேலைக்கள்ளிக்குப் பிள்ளை சாக்கு, இதுகளுக்கு விசில் சாக்கு என்று அண்ணன் சிரித்தார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கருவி வைத்துப் பார்த்தேன். மேசை சூடேறச் சூடேற அதிர்வின் வேகம் குறைந்து, இளம் காதுகளுக்குக் கேட்கும் இடத்துக்கு இறங்கிவிடுகிறது. நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் சுருதி எப்போதோ அடைபட்டுப்போயிருக்கும். அண்ணனிடம் சொன்னேன். மேசைக்கு மூடி போட வேண்டும், பலகையை அதிரவைக்கிற அதிர்வியை மாற்ற வேண்டும், அதுவரை ஓட்ட வேண்டாம் என்றேன். வாங்குகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், ஒரே ஒரு நாள்தானே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் வந்தார்கள். காலையிலிருந்து நிறுத்தாமல் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். கதவையும் சாத்தியாயிற்று. மேசை பக்கத்தில் குருவி. மத்தியானத்துக்கு மேல் அவள் முகம் வெளுத்தது. ஒரு கை காதுக்குப் போகும், உடனே கீழே இறங்கும். யாராவது பார்த்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. போய் அதிர்வியை அணைத்துவிட்டேன். மிதந்துகொண்டிருந்த கண்ணாடி பலகையில் ஒட்டிக்கொண்டது. இயந்திரக் கை அது தெரியாமல் நெட்டியது. வந்தவர்கள் கண்ணெதிரே கண்ணாடி நொறுங்கியது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே போய்விட்டார்கள்.

அண்ணன் கத்தவில்லை. "நமக்குக் கேக்காத ஒரு சத்தத்துக்காக இத்தன பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டியேம்மா" என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். குருவி சொன்னதுதான் ஆறவில்லை. "பஞ்சு வச்சுக்கிட்டு நின்னிருப்பேனே மேடம். இந்த வேலையும் போச்சுன்னா வேற யாரு குடுப்பா?" என்று அழுதாள். பாதி இழுத்துக்கொண்டுதான் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலது காதில் மேல்சுருதி கேட்கும் திறன் குறைந்திருக்கிறதாம். திரும்ப வருமா என்று இப்போதே சொல்ல முடியாதாம். ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் கம்பெனிச் சாவியை வாங்கிவரச் சொல்லி அண்ணன் அண்ணியை அனுப்பினார். வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை, கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டார். சாவியோடு, மூடிக்கும் புது அதிர்விக்கும் நான் போட்ட வரைபடத்தையும் கொடுத்தேன். அண்ணன் அதைப் பிரித்துப் பார்த்தாரா தெரியவில்லை. படிக்கட்டில் அவர் காலடி கேட்கும்போதெல்லாம் எழுந்து கதவு வரை போகிறேன். துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறேன். சின்னவன் கீழே விளையாடப் போகட்டுமா என்று கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நான் முன்னாடியே பிடிவாதமாக நின்றிருந்தால் கண்ணாடியும் உடைந்திருக்காது, அந்தப் பெண்ணின் காதும் தப்பியிருக்கும். அணைத்தது தப்பா, தாமதமாக அணைத்தது தப்பா என்று மாறி மாறி ஓடுகிறது.

அவர் உங்களைப் படிக்கவைத்தவர். அதை மறக்கச் சொல்லவில்லை. கூப்பிட்டால் கோபப்படாதீர்கள், மனுஷன் பயந்துபோயிருக்கிறார். அந்த வரைபடத்தை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், குருவியின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். நான் செய்தது தப்பென்று தோன்றினால் தப்பென்றே எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஏதாவது வந்தால் "பார்ப்போம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவீர்களே, இந்த ஒரு தடவை அதை மட்டும் எழுதாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வழிமேல் விழி வைத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி