ரெண்டு டிக்கும் ஒரே ஆளில்

11.1.96, வியாழன்
மாவு புளித்துவிட்டது. இவர் முகமும்தான். மெட்ராஸ் தலைமைச் சங்கத்திலிருந்து கடிதம்: தொண்டு செய்தால் மட்டும் போதாதாம், பெண்களையும் எல்லாச் சமூகத்தாரையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டுமாம். கூடவே ஒரு படிவம், ரெண்டுக்கும் டிக் போட்டு அனுப்ப. இல்லையென்றால் கிளைக்கு அங்கீகாரம் கிடையாது. இவர் தலைவராக இருக்கிற வருஷம் பார்த்தா வரவேண்டும்! எங்கள் கிளையில் இருபத்தாறு பேர். பாதி எங்கள் சொந்தம், மீதி கவுண்டமார். இதைத்தான் இத்தனை நாளும் மேடையில் ‘பல சமூக ஒற்றுமை’ என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

18.1.96
கருப்பாத்தாள் பேரைச் சொன்னது நான்தான். பெரியாஸ்பத்திரி நர்ஸ். ஒன்பது வருஷமாக எங்கள் கண் முகாம் அவள் இல்லாமல் நடந்ததில்லை. சொட்டு மருந்து போடுவது, கட்டு அவிழ்ப்பது, கண்ணைக் கசக்கும் கிழங்களை அதட்டுவது எல்லாம் அவள். ரிப்பன் வெட்டுவது மட்டும் இவர். வீடு பெரியநாயக்கன்பாளையம் தாண்டிக் காலனியில். எந்தக் காலனி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. செயலாளர் வேங்கடசாமிக்கு ஒரே குஷி. “ரெண்டு டிக்கும் ஒரே ஆளுல முடிஞ்சுதுங்க தலைவரே!”

4.2.96, ஞாயிறு
சேர்ப்பு விழா. நானும் சேர்ந்தேன், தேங்காயோடு வெற்றிலை மாதிரி. கருப்பாத்தாளுக்கு ஆளுயர மாலை. நாலு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவே இல்லை. கூச்சம் போல.

5.2.96
பேப்பரில் படம். கீழே ‘திருமதி திருமலைசாமி’. ராமாமணி என்று ஒருத்தி இருப்பது பேப்பர்காரனுக்குத் தெரியாது.

6.2.96
காலையில் வேங்கடசாமி போன். குரலே இல்லை மனுஷனுக்கு. எங்கள் சங்கத்தில் மாதக் கூட்டம் முடிந்து விருந்து, பெயர் வரிசைப்படி ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். போன மாதம் ஈஸ்வரமூர்த்தி வீடு. புதுப் பட்டியலில் அடுத்த பேர் கருப்பாத்தாள். இருபத்தஞ்சாம் தேதி.
மாலை போடும்போது ஒருத்தருக்கும் இது ஞாபகம் வரவில்லை! சிரித்துச் சிரித்து எனக்கு விலாவே வலித்தது. இவர் சிரிக்கவில்லை.

14.2.96
விருந்துக்கு வராததற்கு இதுவரை வந்த சாக்கு: விரதம் ஆறு, சர்க்கரை நாலு, தாராபுரத்தில் திடீர்க் கல்யாணம் மூன்று. மறுப்பு என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. “சாப்பிடறதுக்கென்னுங்க, தாராளமாச் சாப்பிடலாமுங்க. அன்னைக்குன்னு பாத்து...” எத்தனை ‘ங்க’!

17.2.96
அவசரக் கமிட்டி. ‘உறுப்பினர் வசதிக்காக’ இனி விருந்தெல்லாம் ஓட்டலில். ஒரே குரலில் நிறைவேறியது. கருப்பாத்தாளுக்கு டூட்டி, வரவில்லை. நான் எழுந்து, “அவ என்னன்னு நினைப்பா?” என்றேன். “நீ சும்மா இரு அம்மணி” என்றார் இவர். உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன்?

18.2.96
பஸ் ஏறிப் போய் நானே சொன்னேன். பாத்திரம் வாடகைக்குச் சொல்லி, முப்பது தலைவாழை இலைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். “சரிங்க” என்றாள். அவ்வளவுதான்.
எனக்குத்தான் தாங்கவில்லை. “அவங்க கெடக்கறாங்க கருப்பாத்தா. நான் வாரேன், உங்கூட உக்காந்து சாப்பிடறேன்” என்றேன். பெரிய புரட்சி செய்கிறவள் மாதிரி.
“வாங்க அக்கா. ஆனா ஒன்னு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஒம்போது வருசமா உங்க ஊட்டுக்கு வாரேன். எல்லாத்துக்கும் எவர்சில்வர்ல காப்பி. எனக்கு மட்டும் எதுக்குங்க பிளாஸ்டிக் கப்பு?”
நர்ஸாச்சே, சுத்தம் பார்ப்பாளே என்று... பொய். பொய்டி ராமாமணி. எழுதும்போதாவது உண்மையைச் சொல். அந்தக் கப்பைக் கழுவக்கூட வேண்டாம், தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான். இதுவரை ஊரையெல்லாம் பார்த்துச் சிரித்தவள் நான்தானே? வெட்கமாக இருக்கிறது. வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

25.2.96
ஓட்டல் விருந்து. நான் போகவில்லை. அவள் வீட்டுக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு?

16.3.96
‘அனைவரையும் அரவணைத்த சிறந்த கிளை’ - மெட்ராஸிலிருந்து கேடயம். அதே தபாலில் கருப்பாத்தாளின் ராஜினாமா, ரெண்டே வரி. இவர் கேடயத்தைத் துடைத்து ஷோகேஸில் வைத்தார். கடிதத்தை ஃபைலில் போட்டார்.

22.3.96
கருப்பாத்தாள் தன் ஆஸ்பத்திரிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு தானே கண் முகாம் போடுகிறாளாம், ஏப்ரல் ஏழாம் தேதி. ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். “நாஞ் செஞ்சது தப்பு கருப்பாத்தா” என்றேன். தலையை ஆட்டினாள். “உங்க முகாமுக்கு நானும் வரட்டுமா? டோக்கன் எழுதறேன், கூட்டறேன், எதுனாலும்.”
பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “எங்க ஆளுங்களையும் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க.”

31.3.96, ஞாயிறு
ஒன்பது நாளாச்சு. போன் அடித்தால் இவருக்கு முன்னால் நான் ஓடுகிறேன்.