மூன்று தரம் கூவியவர்

அண்ணே,

இன்று காலை பல்லாவரம் மலைப் பக்கமிருந்து காற்று. நான் வேலை பார்க்கும் தாம்பரம் ரயில்வே ஷெட்டின் கிரீஸ் நாற்றத்தையும் மீறி வெடிமருந்து வாடை மூக்கில் ஏறியது. உங்கள் சட்டையின் வாடை. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு உருகி எழுத வராது, நடந்ததை எழுதுகிறேன்.

பம்மல் கல்குவாரிப் பள்ளத்துக்கு வேலி கேட்டு நீங்கள் கொடுத்த மனுவை, "ஜெயிலுக்குப் போனவன் மனு" என்று தூக்கிப் போட்டார்கள். அதனால்தான் வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றீர்கள். ஏணிச் சின்னம், வாடகை சைக்கிள் ரிக்‌ஷா, அதில் நான் கட்டிய மைக் செட். வேறெதுவும் கிடையாது.

எதையும் மூன்று தரம் சொல்வீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு தரம் சொல்லுங்கண்ணே, பேட்டரி எறங்குது!"

"எறங்கட்டும்பா எஞ்சினீரு. காதுல ஏறணும்ல?"

காரணம் ஊருக்கே தெரியும். குவாரியில் திரி பற்றவைக்கும் முன் "வேட்டு" என்று மூன்று தரம் கூவுவது உங்கள் வேலை. ஒருநாள் சாராய போதையில் கூவாமலே பற்றவைத்தீர்கள். கூட வேலை செய்த தாமோதரனின் கால் போயிற்று. ஜெயிலிலிருந்து வந்தபின் நீங்கள் குடிக்கவில்லை. தினமும் அவரைச் சைக்கிளில் வைத்து அவருடைய பெட்டிக்கடைக்கு மிதித்தீர்கள்.

எதிர்மேடையில் ஒருவன் கேட்டான்: "கால வாங்குனவன் ஏணி குடுக்குறான், ஏறுவீங்களா?" ஊரே சிரித்தது.

"அந்தப் பேச்சையே எடுக்காதீங்க, வேலியப் பத்தி மட்டும் பேசுங்க" என்றேன். தலையாட்டினீர்கள். சாயங்காலம் ஏரிக்கரை முனையில் மைக்கைப் பிடித்தீர்கள்.

"நான் கூவல. நான் கூவல. நான் கூவல. குடிச்சிருந்தேன். தாமோதரன் காலு என்னாலதான் போச்சு."

ஜெயிக்க வேண்டிய தேர்தலை நீங்களே போட்டு உடைக்கிறீர்கள் என்று ஆத்திரம் எனக்கு. ஆம்ப்ளிஃபயர் சுவிட்சில் கை வைத்தேன். கக்கத்துக் கட்டையால் என் மணிக்கட்டைத் தட்டினார் தாமோதரன்.

"கைய எடுபா. அன்னிக்குத்தான் கூவல. இன்னிக்காவது கூவட்டும்."

எடுத்தேன். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மா மட்டும், "செரி நைனா, வேலி எப்போ? அத்தச் சொல்லு" என்றாள்.

தோற்றோம். முடிவு வந்ததும் ரிக்‌ஷாவை எடுக்கச் சொன்னீர்கள். தெருத்தெருவாக, "நான் தோத்துட்டேன்" என்று மூன்று தரம். "ஓட்டு போடாதவங்க புள்ளைங்களும் அந்தப் பள்ளத்தாண்டதான் ஆடுது. நாளைக்குக் கடப்பாரையோட வாங்க."

அன்றைக்கு மட்டும் பேட்டரியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் வந்தார்கள். ஜெயித்தவரின் தம்பியே முள்கம்பி இழுத்தான். கையைக் கிழித்துக்கொண்டு உங்களையே திட்டினான். வேலி இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி ஒருதரம் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஆடாது.

இன்று ரிப்பேர் முடிந்து, லைனில் கரண்ட் விடும் முன் கூவினேன். "கரண்ட் வருது! கரண்ட் வருது! கரண்ட் வருது!"

"ஒருவாட்டி சொன்னா போதாதா சார்? எங்களுக்கு இன்னா காது செவுடா?" என்று ஃபிட்டர் சலித்துக்கொண்டார்.

"போதாது" என்றேன். கம்பத்தடியில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச் கைப்பிடியை இறக்கினேன், அண்ணே.