உன் அப்பாவின் வலையில் ஒரு மூலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. மூட்டுவலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை, அதை உன்னிடம் மறைக்கவும் எனக்குத் தெரியாது. தம்பிக்கு நீ ஆசையாக வாங்கி அனுப்பிய நைலான் வலை இப்போது இல்லை. மீனவர் சங்கத்து வாசலில் வைத்து வெட்டிவிட்டார்கள். வெட்டச் சொன்னது நான்.

கோபப்படாமல் மேலே படி. எத்தனையோ வருடம் கேட்டுக் கேட்டு இப்போதுதான் ஏரிக்கரைக்குச் சிமென்ட் படகுத்துறையும் ஐஸ் அறையும் வந்திருக்கின்றன. பெண்கள் முழங்கால் சேற்றில் நின்று கூடை தூக்குவதும், பாதி மீன் வெயிலில் கெட்டுப்போவதும் இனி இல்லை. ஆனால் ஐஸ் அறையின் சாவியை மீன்துறை அதிகாரி இன்னும் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறார். குஞ்சு மீனை வாரும் சிறுகண் வலை ஒன்று கரையில் இருந்தாலும் சாவி தர மாட்டாராம். அதற்காகச் சங்கத்தில் ஒரு அளவுக்கட்டை செய்தார்கள். வலைக்கண்ணுக்குள் கட்டை நுழைந்தால் வலை தண்ணீருக்கு, நுழையாவிட்டால் கத்தரிக்கு. கட்டையை யார் பிடிப்பது என்று வந்தபோது எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். என் வாய்க்குப் பயந்துதான் என்று தலைவர் சிரித்தார், நேர்மைக்காக என்று நான் எடுத்துக்கொண்டேன்.

உன் தம்பியின் வலையில் கட்டை நுழையவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். "அக்கா அனுப்பினதும்மா" என்று காதோரம் கெஞ்சினான். "சொந்தப் பிள்ளைன்னா கட்டை இளைச்சிடும், பாருங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். கத்தரியை நானே எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் என் முகத்தில் விழிப்பதில்லை. கரையை விட்டுவிட்டு உன்னிடம் வந்து ஏதாவது கிடங்கில் மூட்டை தூக்கப் போகிறானாம், மருமகள் அழுதுகொண்டே சொன்னாள். அவன் கேட்டால் உடனே தலையாட்டிவிடாதே. இன்று சாயங்காலம் மீன்பிடித் தடை முடிகிறது, துறையில் வலை இல்லாத படகு நம்முடையது மட்டும். காலையில், உன் அப்பா போனதிலிருந்து பரணில் கிடந்த அவர் பழைய வலையை இறக்கி, அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் படகில் வைத்துவிட்டு வந்தேன். தொடுவானோ, தூக்கி எறிவானோ

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. தம்பி அந்த வலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து முற்றத்தில் போட்டான். "கட்டையக் குடுங்க" என்று கையை நீட்டினான். கண் கண்ணாக அளக்க ஆரம்பித்தான். ஊரார் வலையை எல்லாம் அளந்த நான் இதை மட்டும் அளக்கவில்லை, அவர் வலைக்கு அளவு எதற்கு என்ற நினைப்பு. கடைசி மூலையில் கட்டை நின்றுவிட்டது. கிழிந்த இடத்தில் உன் அப்பா நெருக்கமாகப் பின்னிய ஒட்டு. அவர் முடிச்சு எனக்குத் தெரியாதா? தம்பி நிமிர்ந்து, "அப்பா போட்டதும்மா. என்ன செய்யட்டும்?" என்றான். தையல் பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்து நீட்டினேன். மூலையை நறுக்கி என் மடியில் வைத்தான். "இப்ப சரியா, ஆபீஸரம்மா?" என்றான். ஓட்டையைப் போகிற வழியில் முடிந்துகொள்கிறேன் என்று வலையை வாரிக்கொண்டு ஓடினான். சாப்பிட்டுவிட்டுப் போடா என்றேன், வந்து சாப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினான். ஜன்னல் வழியே பார்க்கிறேன், நம் படகு கடைசியாகத்தான் கிளம்புகிறது. கிளம்புகிறது.

நீங்கள் எல்லோரும் நல்ல சுகத்தோடு நீண்ட நாள் வாழக் கடவுள் துணை இருக்கட்டும். பிள்ளைகளை ஈரத் தலையோடு வெளியே விடாதே. தம்பிக்கு மறுபடி வலை வாங்குவதாக இருந்தால் குத்துமதிப்பாக வாங்காதே. கட்டையை இந்தத் தாளின் கீழ்ப்பகுதியில் வைத்துச் சுற்றிலும் கோடு இழுத்திருக்கிறேன், கடைக்குக் கையோடு கொண்டு போ.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா