மஞ்சச் சட்டை தோற்க வேண்டும்

பிப்ரவரி 14, செவ்வாய்

துபாய் முழுக்கக் காலையில் பனிமூட்டம். கேம்ப் பஸ் ஊர்ந்து வந்தது. ஹாலுக்குள் அதைவிடக் குளிர். ஐஸ் ஷோக்காரர்கள் போய்விட்டார்கள், ஆனால் மார்ச்சில் திரும்ப வருகிறார்களாம், அதனால் ஐஸை உருக்கவில்லை. இந்த வாரம் எல்லாமே ஐஸ் மேல்தான். முதலில் பலகை. வியாழன் பாட்டுக் கச்சேரிக்கு நாற்காலி. வெள்ளி காலை நாற்காலியைத் தூக்கிவிட்டுப் பலகை மேல் புல். மாலை ஃபுட்பால்.

ஊரில் ஒருத்தருக்கும் இது புரிவதில்லை. அப்பா ஃபோனில் கேட்டது: "ஏலே ஜெரால்டு, ஐஸுக்கு மேல புல்லு எப்பிடில மொளைக்கும்?" பிளாஸ்டிக் புல் அப்பா. பாய் மாதிரி சுருட்டி வைத்திருப்போம். விரித்து, ஜாயிண்ட்டுக்கு ஜாயிண்ட் டேப் ஒட்டி, ரோலர் ஓட்டினால் மைதானம். சுற்றிலும் இடுப்பளவு மரச்சுவர், அதற்கு மேல் கண்ணாடி. பந்து சுவரில் பட்டுத் திரும்பும், ஆட்டம் நிற்காது. பக்கத்துக்கு ஆறு பேர். இதற்கென்றே சம்பளம் வாங்கும் டீம் ஒன்று எங்கள் ஹாலிலேயே கிடக்கிறது. போடுவது மஞ்சள் சட்டை. எங்கள் ஆட்களுக்கு அவர்கள் 'மஞ்சச் சட்டை', அவ்வளவுதான்.

வெள்ளி செமி ஃபைனல். ஜெயித்தால் ஃபைனல் நம் ஹாலில், 27 திங்கள். தோற்றால் ஃபைனல் தோஹாவில், எனக்கு இங்கே வேலை இல்லை, 20-ஆம் தேதி ஃபிளைட்.

27 திங்கள் காலை ஊரில் என் கல்யாணம்.

டோனி (ஹால் மேனேஜர், லெபனான்காரர்) ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்: ஃபைனல் இங்கே வந்தால் லீவு மாஃபி, கிடையாது. புல் விரிக்கும் மேஸ்திரி இரண்டு பேர்தான். மற்றவன் நேபாளி, இப்போது அவன் ஊரில். நானும் சரி என்றேன். ஏன் சொல்லமாட்டேன்? அப்போது மஞ்சச் சட்டை வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. இவனுகளாவது, ஃபைனலாவது என்று நம்பி நாள் குறித்தாயிற்று. அதற்கப்புறம் செர்பியாவிலிருந்து ஒரு கோல்கீப்பர் வந்து இறங்கினான். வந்த நாளிலிருந்து தோல்வியே கிடையாது. என் நேரம்.

பிப்ரவரி 15, புதன்

டூட்டி முடிந்து பர் துபாய். கல்யாணச் சேலை. கூட முருகேசன். ராமநாதபுரத்துக்காரன், ரூம்மேட், நான் புல்லை இழுத்துப் பிடித்தால் டேப் வைக்கும் கை அவனுடையது.

ஜெசிந்தா சொன்னது சந்தனக் கலர், மெரூன் கரை. நான்கு கடையில் நான்கு விதச் சந்தனம். ஒவ்வொன்றாக விரிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேசனுக்குப் பசி. "அண்ணே, கட்டப்போறது நீங்களா அவங்களா? எதையாச்சும் எடுங்கண்ணே." எடுத்தாயிற்று. நல்ல சேலைதான். திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு தரம் பையைத் திறந்து பார்த்தேன்.

வாங்க வேண்டியவை:
சேலை (சரி)
மோதிரம் இரண்டு (அளவு கேட்க)
அம்மாவுக்குத் தைலம், பெரிய பாட்டில்
அப்பாவுக்கு டார்ச்
பங்குச் சாமியாருக்குப் பேரீச்சம்பழம்
எனக்கு ஷூ (வேண்டாமோ?)

மஸ்கட்டுக்கு ஃபோன். ஜெசிந்தா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஐ.சி.யு. அவள் லீவும் 20-லிருந்து. இரண்டு பேர் லீவும் ஒன்றாக விழுந்தது இந்த ஒரு தடவைதான். தள்ளிப்போடவும் வழியில்லை. மார்ச் 1 விபூதிப் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை எங்கள் கோவிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் அவள் லீவு தீர்ந்துவிடும். அடுத்த லீவு அடுத்த வருஷம்.

"உங்க டீமு தோக்கணும்னு ஜெபமாலை சொல்லுதேன்," என்றாள்.

"அது பாவம்லா?"

"பாவம்னா என் கணக்குல இருக்கட்டும். நீங்க சும்மா இருங்க."

பிப்ரவரி 16, வியாழன்

நாற்காலி, நாற்காலி, நாற்காலி. முதுகு போயிற்று.

மதியம் கோல்கீப்பர் வந்தான். புல் எப்போது விரிப்பீர்கள் என்று கேட்டான். நாளைக் காலை என்றேன். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் புல் முழுக்க நடப்பான். நடந்து முடித்து என்னைப் பார்த்து "குட்?" என்பான். நானும் "குட்" என்பேன். அதற்குப் பிறகுதான் ஷூ போடுவான். டீமில் மற்ற ஒருத்தனும் எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவன் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்த சீசன் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். இன்றைக்கு அதே ஆள் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு அவன் கையைக் குலுக்குகிறேன். சீ.

பிப்ரவரி 17, வெள்ளி. மதியம்

மறுபடி பனி. கச்சேரிக்காரர்கள் ஸ்பீக்கர் ஏற்ற லோடிங் கதவைத் திறந்தவர்கள் மூடவே இல்லை. ஈரக்காற்று உள்ளே வந்து, கீழே ஐஸ் இருப்பதால் பலகை எல்லாம் வியர்த்துவிட்டது. வியர்த்த பலகையில் டேப் ஒட்டாது. திட்டினேன், யாரும் காதில் வாங்கவில்லை. ப்ளோயர் வைத்து, துணியால் துடைத்துத் துடைத்து விரித்தோம். நடுவில் ஜும்மா தொழுகைக்குப் பாதி ஆள் போய்விட்டது. ஃபோர்க்லிஃப்ட் கான் பாய் போகும்போது, "டென்ஷன் மத் லோ பாய்." உனக்கென்ன பாய், நீ ஏற்கெனவே கல்யாணம் ஆனவன்.

கோல்கீப்பர் நடந்தான். குட். குட்.

பிப்ரவரி 18, சனி

ஜெயித்துவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடிக்கும்.

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி, இரண்டு பக்கமும் சமம். கோலுக்கு முன்னால் ஒருத்தன் சறுக்கி விழுந்தான். பார்த்தால் புல் ஜாயிண்ட் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. டேப் விட்டுவிட்டது. ரெஃபரி விசில். டோனி ஓடி வருகிறார். ரெஃபரி சொன்னது எனக்கும் கேட்டது: உடனே சரி செய்யுங்கள், முடியாவிட்டால் ஆட்டம் ரத்து, ஹால் உங்களுடையது என்பதால் தோல்வி உங்களுக்கு.

தோல்வி. அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்? பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்த மாதிரி வந்து நிற்கிறது.

கதவைத் திறந்து உள்ளே ஓடினேன், பின்னால் ரோலரோடு முருகேசன். குனிந்ததும் காதோரம் சொன்னான்: "அண்ணே, மெதுவாச் செய்ங்க. ஈரத்துல ஒட்டலன்னு சொல்லிருவோம். யாருக்குத் தெரியப்போகுது."

"வாயை மூடிட்டு ப்ளோயரைக் கொண்டால," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசிக்கவே இல்லை. பழைய டேப்பை உரித்தேன், காய வைத்தேன், புது டேப், இழுத்துப் பிடித்து, முட்டியால் அழுத்தி, ரோலர். ஜெசிந்தாவும் நினைவில் இல்லை, சேலையும் நினைவில் இல்லை. ஜாயிண்ட் தெரியக்கூடாது, அது ஒன்றுதான் மனசில். நிமிர்ந்து பார்த்தால் கோல்கீப்பர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். மிதித்தான். குட்? குட். ஜனம் கை தட்டியது. எனக்குத்தான் தட்டினார்களாம், முருகேசன் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆள் ஒருத்தன் அடித்த பந்து சுவரில் பட்டுத் திரும்பி வலைக்குள் போயிற்று. கோல்! என்று முதலில் கத்தியது யார்? இந்த மடையன்தான். கண்ணாடியை இரண்டு கையாலும் குத்திக் கத்தினேன். பக்கத்தில் முருகேசன் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

டோனி கட்டிப்பிடித்தார். லீவைக் கேட்டேன். கட்டிப்பிடித்த கையை எடுத்துவிட்டார். "கலாஸ், அவ்வளவுதான் ஜெரால்ட். ஃபைனலுக்கு நீ இல்லாமல் எப்படி?"

காலையில் ஜெசிந்தாவுக்கு ஃபோன். எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்துப் பேச எனக்கு வராது.

"அப்ப நீங்கதான் ஒட்டுனியளா?"

"ஆமா."

"ஒட்டாம விட்டுருந்தா தோத்திருப்பாவளா?"

"ஆமா."

"என் தலையில மண்ணள்ளிப் போடதுக்கு உங்க கையே போதும்லா." வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு

இன்றைக்கு ஊரில் மூன்றாவது ஓலை. மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் எங்கள் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். போன இரண்டு ஞாயிறும் வாசித்தாயிற்று. விடிகாலையிலேயே அப்பா: "என்னல செய்ய? சாமிட்ட வாசிக்கச் சொல்லவா, நிப்பாட்டச் சொல்லவா? பொண்ணு வீட்டுல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டுக்காவ."

ஜெசிந்தாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன்: வாசிக்கச் சொல்லுங்க, நாள் தள்ளினாலும் பொண்ணு அவதான்.

பூசை முடிந்து அவரே கூப்பிட்டார். "வாசிச்சிட்டாவ. தடை உண்டுமான்னு கேட்டாவ. நான் எந்திச்சு, ஆமா சாமி, ஃபுட்பால்னு சொல்லவால? தலையக் குனிஞ்சிட்டு இருந்தேன்." அப்பாவுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் பேசுவார். பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும், 27-ஆம் தேதி இல்லை என்று அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம்.

பிப்ரவரி 20, திங்கள்

ஃபிளைட் போயிருக்கும். நான் பலகை துடைத்தேன்.

பிப்ரவரி 22, புதன்

ஃபோன் இல்லை. மெசேஜ் அனுப்பினேன்: 'மன்னிச்சிரு'. பதில் இல்லை.

டோனி ஒரு மஞ்சச் சட்டை கொடுத்தார், டீம் எல்லாரும் கையெழுத்துப் போட்டது. சமாதானமாம். முருகேசனிடம் கொடுத்துவிட்டேன். "மாப்பிள்ளைச் சட்டையா அண்ணே?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு அவனே டீ வாங்கி வந்தான்.

சாப்பாடு: பருப்பு, முட்டை. இறங்கவில்லை.

பிப்ரவரி 24, வெள்ளி

கோவிலுக்குப் போனேன். கூட்டம், செருப்பு வைக்க இடமில்லை. என்ன கேட்பதென்றே தெரியவில்லை. அவள் ஃபோனை எடுக்க வேண்டும் என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் மேல் கோபமே இல்லை. என் மேல்தான். ஒருவேளை அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? ஒட்டுவதா விடுவதா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காதவனைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்திருப்பாளோ? நானாக இருந்தால் நினைப்பேன்.

பிப்ரவரி 27, திங்கள்

வெயில். பனி இல்லை. லோடிங் கதவுக்கு நானே பூட்டுப் போட்டு சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

ஊரில் பூசை மணி அடித்திருக்கும் நேரத்தில் முட்டி போட்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜாயிண்ட் எல்லாம் சுத்தம். இந்த சீசனில் இதுதான் நல்ல புல். யாருக்கு என்ன லாபம்?

பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள், முன்வரிசைக்குக் கம்பளம். மேட்ச் தொடங்கியது. இன்றைக்காவது மனசாரக் கத்தலாம் என்று கண்ணாடியோரம் நின்றேன். கத்த விடவில்லை. கோல் மேல் கோல். மூன்றாவது கால் பகுதியிலேயே கதை முடிந்தது. கோப்பையைத் தோஹாக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துப் புல்லைத் தட்டிக் காட்டி, "குட்," என்றான். அந்த நேரத்திலும்.

ஸ்டோர் ரூமில் வந்து உட்கார்ந்ததும் ஃபோன். மஸ்கட் நம்பர்.

"டூட்டி முடிஞ்சிச்சு," என்றாள்.

"டூட்டியா? இன்னைக்கா?"

"பின்ன? வீட்டுல உக்காந்து சேலைய நெனச்சு அழவா? லீவ ஒரு மலையாளிப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன்." பிறகு கேட்டாள்: "மேட்ச் என்னாச்சு?"

"தோத்துட்டாவ."

 

"அந்தக் கரிமுடிவானுவ பத்து நாளைக்கு முன்னால தோத்திருக்கக் கூடாதா?"

முதலில் சிரித்தது அவள்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் எங்கேயோ அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பிள்ளையோட லீவ எனக்கு மாத்தியாச்சு. ஈஸ்டர் கழிச்சு அடுத்த திங்க கல்யாணம். உங்க லீவ மேனேஜர்ட்ட இன்னைக்கே எழுதி வாங்குங்க. நாளைக்குன்னு சொல்லாதிய."

முருகேசன் வாசலில் நின்று கூப்பிடுகிறான், புல் சுருட்ட ஆள் எல்லாம் நிற்கிறதாம். நிற்கட்டும். முதலில் டோனி.