மதுரையில் பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது

உத்திரமேரூர்
11.9.1983

அன்புள்ள ராஜாராமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அம்முலுவும் சுகமாக இருக்கிறோம், நீயும் தானியேலும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்காருவேன், நாலு வரி எழுதுவேன், கிழித்துப் போட்டுவிடுவேன். அப்பாகூட, இன்னா பவளம், புள்ளைக்குக் கடுதாசி எழுதறியா இல்ல பரிட்சை எழுதறியான்னு கிண்டல் பண்ணிவிட்டார். ஏரியில் தண்ணீர் சுமாராகத்தான் நிற்கிறது, இருந்தாலும் மேல்கழனி நடவு முடிந்துவிட்டது. அம்முலு ஒன்பதாவது போனதிலிருந்து கணக்கு வரவில்லை என்று அழுகிறாள், நான் சொல்லிக்கொடுத்தால் உனக்குப் பழைய கணக்குதான் தெரியும் என்கிறாள். உன்னிடம் சுங்குடிப் பாவாடை கேட்டு எழுதச் சொன்னாள், நீ அவசரப்பட்டு வாங்கிவிடாதே, அவளுக்குத் தினம் ஒரு நிறம் பிடிக்கும்.

பூஜை லீவுக்கு நீயும் தானியேலும் நாலு ஊர் பார்க்கக் கிளம்புவதாகவும், நான் டூர் பஸ்ஸில் போய்வந்தவள் ஆச்சே, எந்த ஊர் எப்படி என்று எழுதுங்கள் என்றும் கேட்டிருந்தாய். திருச்சிக்குப் போனால் மலைக்கோட்டைக்கு வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், மேலே நின்றால் காவேரியும் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் தெரியும், காற்று ஆளைத் தூக்கும். எங்களை டூர் நடத்துகிற பஞ்சாட்சரம் மாமா உச்சி வெயிலில் கொண்டுபோய் விட்டார், பாதம் கொப்பளித்துப்போனது, பழையசீவரத்துச் சொக்கம்மாள் அத்தை பாதி வழியிலேயே உட்கார்ந்துகொண்டு, பிள்ளையார் மேல கீறாரு, நான் கீழ கீறேன், அவருக்குத் தெரியாதா இன்னா, என்று முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். அங்கே லாட்ஜில் ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரூம் எடு, கொசு தாங்காது. கன்னியாகுமரியில் சூரியன் எழுவதைப் பார்க்கலாம் என்று எல்லோரையும் இருட்டில் எழுப்பிவிட்டார்கள், மேகம் மறைத்துக்கொண்டது, சோழி மாலை விற்பவர்கள்தான் எங்களைச் சுற்றி உதித்தார்கள். ஆனால் அந்தக் கடல் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். படகுக்குக் காலையிலேயே வரிசையில் நின்றுவிடுங்கள். திருநெல்வேலியில் ஆற்றில் குளித்துவிட்டு இலையில் சுடச்சுட அல்வா சாப்பிடுங்கள், அந்த ஊரில் எனக்குக் குறை சொல்லத் தெரியவில்லை, வெயில் ஒன்றுதான். ராமேஸ்வரத்துக்கு மண்டபத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் போனோம், பாம்பன் பாலத்தில் ரெண்டு பக்கமும் கடல், நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பெண் மாதிரி சிரித்தேனாம், அத்தை இன்னமும் சொல்லிக் காட்டுகிறார். அங்கே தீர்த்தமாடும் இடமெல்லாம் வழுக்கும், குடிக்கிற தண்ணீர் உப்பு, கையோடு கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, அங்கே சத்திரத்தில் தங்காதீர்கள். நாங்கள் போன சத்திரத்தில் கணக்கப்பிள்ளை பேர் எழுதுவதற்கு முன்னாலே இன்ன ஜாதி என்று கேட்டுத்தான் அறை கொடுத்தார். எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி ஆனது. அவர்மேல் கோபம் வந்தது, ஆனால் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அன்று ராத்திரி முழுக்கப் படுத்துக்கிடந்தேன். அதற்கு முதல் நாள்தான் நாங்கள் மதுரையில் இருந்தோம்.

மதுரையைப் பற்றி எழுதத்தான் ராஜா இத்தனை காகிதம் கிழித்தேன். உங்கள் ரூமுக்கு வந்து, நீ ஷிப்டு முடிந்து வருகிற வரைக்கும் இருப்பேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. இங்கே கோயில் வாசலில் தேங்காய் உடைத்து பஸ் கிளம்பும்போது பஞ்சாட்சரம் மாமா விசிலை ஊதி, யாத்திரை முடிஞ்சு அவங்கவங்க வாசப்படி மிதிக்கிற வரைக்கும் யாரும் வேற ஒருத்தர் வூட்டுக்குள்ள காலு வைக்கக் கூடாது, பெத்த புள்ள வூடா இருந்தாலும் சரி, என்று சொன்னார். எல்லா வருஷமும் சொல்கிற வழக்கம்தான். அதைக் கேட்டதும் எனக்கு வருத்தம் வரவில்லை, மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது. நீ தானியேலோடு ஒரே அறையில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறாய் என்பது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும், அத்தையிடம், உன்னோடு வேலை செய்கிற பையன் என்பதோடு நிறுத்தியிருந்தேன். ரூமுக்கு வந்தால் அத்தையும் கூட வருவார், யார் எந்த ஊர் யார் மகன் என்று கேட்பார், காலனிப் பையன் என்று தெரிந்தால் பழையசீவரம் வரைக்கும் பேச்சாகும் என்று பயந்தேன்.

தெப்பக்குளத்துப் பக்கம் பஸ்ஸை நிறுத்தினார்கள். கோயிலைப் பார்த்துவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்திருந்தோம். தானியேல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தூக்குப் பாத்திரங்களோடு பஸ் பஸ்ஸாகத் தேடிக்கொண்டு வந்தான். அம்மா, ரூமுக்குப் போலாங்களா என்றான். யாத்திரை வழக்கத்தைச் சொன்னேன். அதனால இன்னாங்கம்மா, சோறு யாத்திரை போகலியே, இங்கியே சாப்டுங்க, என்று சிரித்துக்கொண்டு பாத்திரத்தைத் திறந்து வைத்தான். புளியோதரை, உருளைக்கிழங்கு, தேங்காய்த் துவையல். நீ விடியலில் ஷிப்டுக்குப் போய்விட்டதால் எல்லாம் அவனே செய்ததாம். அந்த நேரம் பார்த்து அத்தை வந்து யாருடி இந்தப் பையன் என்றார். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா ராஜா, ஓட்டல் பையன், ராஜாராம் ஓட்டல்ல சொல்லி அனுப்பி வச்சிருக்கான், என்றேன். தானியேல் என்னைப் பார்த்தான். அப்புறம் கைகட்டிக்கொண்டு, ஆமாங்கம்மா, பாத்திரத்த இருந்து வாங்கிக்கினு போறேன், என்று தள்ளிப் போய் நின்றான். அத்தை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், ஓட்டல் சோறு மாதிரியே இல்லடி, வூட்டுல கிளறின மாதிரி கீது, எந்த ஓட்டல்டா என்று அவனையே கேட்டார். அவன் ஏதோ ஒரு தெருப் பேரைச் சொன்னான். சாப்பிட்டு எழுந்ததும் அத்தை அவன் கையில் சில்லறையை வைத்து, நல்லா இரு, என்றார். அவன் அதை வாங்கிக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதோடு விட்டேனா என்றால் இல்லை. பாத்திரம் கொடுக்கிற சாக்கில் அவன் பக்கத்தில் போய், ராஜாராம் இங்க வர வேண்டாம்பா, வந்தா எல்லார் எதிர்லயும் உன் தோள்ல கை போட்டுக்கினு பேசுவான், பஸ் கிளம்பிடுச்சுன்னு சொல்லிடு, என்று கெஞ்சினேன். சரிங்கம்மா என்றான். பஸ் கிளம்பவில்லை ராஜா. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அங்கேயேதான் நின்றது. உன்னைப் பார்க்கத்தான் அந்த டூருக்கே பேர் கொடுத்தேன், நீ வரக்கூடாதே என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதத்தில், பாவம்மா நீங்க, டூர்காரங்க அவசரப்படுத்திக் கிளப்பிட்டாங்களாமே, சாப்பாடு உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதுன்னு தானியேல் சந்தோஷமா சொன்னான், என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இதற்கு நடுவில் தானியேலின் அம்மா ஞானசுந்தரி நடவுக்கு வந்தபோது கரையேறி ஓடி வந்து, இன்னாம்மா, எம்மவனப் பாத்தியா, எப்டி கீறான், எளச்சிக்கினானா, என்று கேட்டாள். நல்லா இருக்கான் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பெற்றவள் அவள் பார்க்க முடியாத பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவள் நான், அவனைப் போய் என்ன வார்த்தை சொன்னேன் பார். போன வாரம் மனசு கேட்காமல் அவள் வீட்டுக்கே போய் நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவ்ளோ ருசியாவா செஞ்சான், எனக்கு ஒரு நாளு சுடுதண்ணி வச்சுக் குடுத்ததில்ல அந்தக் கம்மனாட்டி, என்று சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். நான் கிளம்பும்போதுதான், மூணு கடுதாசி போட்டான்மா, இத எனக்கு எழுதவே இல்லியே, என்றாள். அதற்கப்புறம் நம் கழனிக்கு அவள் வேலைக்கு வரவில்லை, களையெடுக்க மாகறல் பக்கம் போகிறாளாம்.

அத்தையிடமும் சொல்லிவிட்டேன். ராமேஸ்வரத்துத் தீர்த்தச் சொம்பின் மூடியை உடைத்துத் தலையில் தெளித்துக்கொண்டு, காலேஜ் படிச்சவ வாயில பொய்யப் பாரு, என்றார். அவர் எதற்காகக் கோபப்பட்டாரோ தெரியாது, வார்த்தை என்னவோ சரிதான். அப்பா, நீ எழுதறதா இருந்தா முழுசா எழுது, என்று மட்டும் சொன்னார்.

நீ என்மேல் கோபப்படு, ஆனால் தானியேலை ஏன்டா என்னிடம் மறைத்தாய் என்று கேட்டுச் சண்டை போடாதே, அவன் நான் கேட்டுக்கொண்டதைத்தான் செய்தான். இந்தக் கடிதத்தை அவனுக்கு முழுசாகப் படித்துக் காட்டு, எந்த வரியையும் விடாதே. பூஜை லீவுக்கு முன்னால் நான் டூர் பஸ் இல்லாமல் தனியாக உங்கள் ரூமுக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன், பஞ்சாட்சரம் மாமாவும் கிடையாது, வழக்கமும் கிடையாது. ஆனால் அது அவனும் இருக்கிற வீடு. வரலாமா என்று அவனைக் கேள். யோசிக்க நாள் வேண்டும் என்றால் கொடு, வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. எண்ணெய் தேய்த்துக் குளி, ஷிப்டுக்கு வெறும் வயிற்றோடு போகாதே. உங்கள் ரெண்டு பேருக்கும் எந்தக் குறையும் வராமல் தெய்வம் கூட நிற்கட்டும். அவன் சொல்கிற பதிலை அவன் சொன்னபடியே எழுது, எனக்கு வலிக்குமே என்று நீயும் மாற்றி எழுதிவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
பவளம்