சத்தமில்லாமல் வெளியேற்றியவர்கள்

ஐப்பசி, செவ்வாய் இரவு. ஜெயபுரம்.

இன்று தாய்மாருக்கான இணையவழி சூம் கூட்டத்தில் என்னோடு கம்பஸில் படித்த சுகந்தி பேசினாள். ஆட்களை உள்ளே விடுவதும் குழப்புகிறவர்களை வெளியேற்றுவதும் என் வேலை. தாய்ப்பாலைப் பற்றி அவள் சொல்லும்போது, பெண்பெயரில் நுழைந்த ஒருவன் ஊத்தைக்கதை கதைத்தான். மடியில் பிள்ளையோடு நான் அவனைத் தேடிப் பிடிப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"தம்பி, அம்மா பக்கத்தில நிக்கிறாவோ? அவவுக்கும் உந்தக் கதையைச் சொல்லுங்கோவன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் நான் அவனை வெளியேற்றினேன்.

"என்ன வாயப்பா அவவுக்கு!" என்று சாப்பிடும்போது இவரும் சொல்கிறார். அவனுக்கு முன் நான் சத்தமில்லாமல் வெளியேற்றியவர்களை யார் கண்டது?

அடுத்த கிழமையும் அவள்தான் பேசுகிறாள். அவன் வேறு பெயரில் வந்தால் உடனே வெளியேற்ற வேண்டும். வேண்டும்தான். ஆனால் ஒருமுறையாவது அவள் வாயடைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு...

பிள்ளை சிணுங்குகிறாள்.