வேலூர் வெயிலில் தேறிய பெட்டி

பயண நாள் 1. காலை 08:10

வண்டி எண் இரண்டு. ஓட்டுநர், நிலவியலாளர், சமையல்காரி எல்லாம் பூங்கோதை. முதல் தளத்திலிருந்து தெற்கே வெண்பள்ளம் நோக்கிப் பயணம். நான்கு சக்கரங்களும் ஒழுங்காக இழுக்கின்றன. வெளியே மைனஸ் 58, உள்ளே 22. மருந்துப் பெட்டிக்குள் 4. எல்லாம் இயல்பு.

இந்தக் குறிப்பு யார் கையில் கிடைக்குமோ தெரியாது. இவ்வளவு குளிரும் செவ்வாயில் வண்டிக்குள் ஃப்ரிட்ஜ் எதற்கு என்று அவர் சிரிக்கலாம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கு வந்த இரண்டாம் ஆண்டு என் கணையம் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டது. அன்று முதல் இன்சுலினில்தான் உயிர் ஓடுகிறது. அது இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டால் மெல்லக் கெடும். உறைந்தால் அத்தோடு சரி.

வண்டிகளுக்குப் பெட்டி தேர்ந்தெடுக்கப் பூமியில் ஒரு குழு போட்டார்கள். மூன்று பெட்டிகள் வந்தன. முதலாவது மலிவு, சுற்றியிருக்கும் சூட்டைவிடக் கொஞ்சம்தான் குளிர்விக்கும். இரண்டாவது கம்ப்ரஸர் வைத்தது. எந்த வெயிலிலும் சொன்ன குளிரில் நிற்கும். மூன்றாவது குளிர்விக்கும், வெளியே குளிர் மிஞ்சினால் உள்ளே வெதுவெதுப்பும் கொடுக்கும். எடை நான்கு கிலோ கூடுதல். நான் மூன்றாவதைக் கேட்டேன். தளத் தலைவர் சபாநாயகம் அந்தக் குழுவிலும் இருந்தார். அவருடைய பதிலை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

“ஃப்ரிட்ஜுக்கு எதுக்கும்மா ஹீட்டர்? ஃபேனுக்கு யாராவது கம்பளி போத்துவாங்களா? ரெண்டாவதை வேலூர்ல, அக்னி நட்சத்திரத்துல, மொட்டை மாடியில வெச்சுப் பார்த்தாச்சு. நாலு டிகிரியில அசையாம நின்னுச்சு.”

மிச்சமான நான்கு கிலோவில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வந்து இறங்கியது. வெண்பள்ளத்தில் புது நிலையத்தைத் திறக்கும்போது ஏற்ற வேண்டுமாம். வண்டிக்குள் தீ கூடாது என்பதால் திரிக்குப் பதில் ஐந்து பல்பும் ஒரு பேட்டரியும் வைத்திருக்கிறார்கள். விளக்கு அம்மையார் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வாய் பேசாத துணை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

பயண நாள் 4. மாலை 17:30

புழுதிப் புயல். சூரியன் இருக்கும் இடம் ஒரு மஞ்சள் கறையாகத்தான் தெரிகிறது. சூரியத் தகடுகளில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரம். வண்டியை நிறுத்திவிட்டேன். ஹீட்டரை அணைத்து, தூங்கும் பைக்கு மட்டும் சூடு கொடுக்கிறேன். அறை மைனஸ் 4. மூச்சு புகையாகப் போகிறது.

பெட்டியின் திரையைப் பார்த்தேன். 4. சுவர் தடிமன்தான், இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. தளத்தைக் கேட்டேன். பெட்டியின் எண் அங்கேயும் அவர்கள் பலகையில் தெரியும். அங்கே ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் ஹசீனா சொன்னது: “இங்கயும் நாலுதான் காட்டுது மேடம். திறந்தீங்கன்னா உள்ள இருக்குற கொஞ்ச நஞ்ச சூடும் போயிரும். திறக்க வேணாம்னு தலைவர் சொல்றாரு.”

நியாயமாகத்தான் பட்டது. சட்டைப்பையில் ஒரு இன்சுலின் ஊசிப் பேனா இருக்கிறது, இரண்டு நாளுக்கு வரும். பெட்டியைத் திறக்கவில்லை.

பயண நாள் 6. காலை 06:20

பெட்டி உறுமுகிற சத்தத்தில் விழித்தேன். அறை மைனஸ் 9. இந்தக் குளிரில் கம்ப்ரஸர் எதை இன்னும் குளிர்விக்கிறது?

திரையில் 9.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. திரையில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருக்கிறது. மைனஸ் குறிக்கு இடமே இல்லை. வேலூர் மொட்டை மாடியில் மைனஸுக்கு என்ன வேலை? திரைக்கு மட்டுமல்ல, அதன் மூளைக்கும் மைனஸ் தெரியாது. மைனஸ் 4 வந்தபோது நான்கு என்று திருப்தியாக இருந்தது. மைனஸ் 9 வந்ததும் ஒன்பது, சூடு அதிகம் என்று நினைத்து, என்னிடம் மிச்சமிருந்த மின்சாரத்தை உறிஞ்சி மருந்தை இன்னும் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது.

திறந்தேன். பன்னிரண்டு குப்பியும் கல்லாகக் கிடந்தன. ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பயண நாள் 6. பகல் 12:45

தளத்துக்கு எல்லாம் சொன்னேன். மைனஸ் இல்லாத திரை, உறைந்த மருந்து, காலியாகப்போகும் பேனா. வண்டி மூன்றில் புது மருந்து அனுப்பச் சொன்னேன். சபாநாயகமே பேசினார்.

“பூங்கோதை, தினம் ஒரு தடவை எடுக்குற பதிவு என் முன்னாடி இருக்கு. அஞ்சு நாளா நாலு, நாலு, நாலு. இன்னைக்குக் காலையில மட்டும் ஒம்பது, அப்புறம் ஒண்ணுமே இல்ல. நீங்கதான் ஒயரைப் பிடுங்கியிருக்கீங்க. பெட்டியில கோளாறுன்னு நான் எப்படி எழுதுறது? புயல்ல வண்டி அனுப்பணும்னா பெட்டியிலேர்ந்து அலாரம் வந்திருக்கணும், அது நாப்பதைத் தொட்டாத்தான் அடிக்கும். வரலையே.”

பெட்டி பொய் சொல்கிறது என்றேன்.

“தேர்ந்தெடுத்த பெட்டிம்மா அது.”

என்னைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு குழு இருந்தது. அதை அவர் மறந்துவிட்டார்.

பயண நாள் 7. காலை 09:00

பேனா தீர்ந்தது. உறைந்த குப்பிகளைக் கக்கத்தில் வைத்து உருக்கினேன். உள்ளே வெள்ளையாகத் திரிதிரியாக மிதக்கிறது. வேறு வழியில்லாமல் வழக்கமான அளவில் இரண்டு மடங்கு போட்டுக்கொண்டேன். சர்க்கரை 340. இரண்டு மணி நேரம் கழித்து 390. வெறும் தண்ணீரைப் போட்டுக்கொண்டிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்.

அலாரம்தானே வேண்டும்? பெட்டிக்கு ஒயரை மறுபடி மாட்டி, வெளிக்கதவை ஒட்டிய காற்றடைப்பு அறையில் தள்ளி மூடினேன். அங்கே மைனஸ் 40. திரை ஏறியது: 15, 22, 31, 40. அலாரம் அலறியது. இத்தனை நாளில் அது செய்த ஒரே நல்ல காரியம்.

அடுத்த நிமிடமே சபாநாயகம்: “பூங்கோதை, மருந்து நாப்பது டிகிரி சூட்டுல இருக்கு. எங்க வெச்சிருக்கீங்க? உடனே வெளிய கொண்டுபோய் வைங்க. வெளிய குளிராத்தானே இருக்கு.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் வாந்தி வந்தது.

பயண நாள் 7. மாலை 16:10

விதி வென்றது. அலாரம் வந்ததால் வண்டி மூன்று கிளம்புகிறது. ஓட்டிவருவது தேவசகாயம். நாகர்கோவில்காரர், தளத்தில் சக்கரம் கழற்றி மாட்டுகிற ஆள். ஹசீனா ரேடியோவில் கிசுகிசுத்தாள்: “ஆறு நாள் ஆகும் மேடம். அவரு அஞ்சே நாள்ல வர்றேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு.”

என் கண் கலங்கியது. யாரோ ஒருவருக்காவது நான் வேண்டியிருக்கிறேன்.

சபாநாயகத்திடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த வண்டியிலும் இதே பெட்டிதான் இருக்கிறது. மருந்தைப் பெட்டியில் வைக்க வேண்டாம், தேவசகாயம் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வரட்டும். அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

“சரி, சொல்றேன்” என்றார்.

பயண நாள் 9. பகல் 13:30

சர்க்கரைமானி எண் காட்டுவதை நிறுத்திவிட்டு ‘அதிகம்’ என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு குடித்தாலும் தாகம். மூச்சில் அழுகிய பழ வாடை. மூச்சு தானாகவே வேகமாக ஓடுகிறது, நான் ஓடவில்லை.

மின்கலம் அடிமட்டம். ரேடியோவில் பேசும் பக்கம் செத்துவிட்டது. கேட்கும் பக்கமும் விட்டுவிட்டுத்தான் வந்தது. கேட்ட கடைசிச் செய்தி தலைவருடையது.

“நாளைக்குப் பூமியிலேர்ந்து திறப்பு விழாவைப் பார்ப்பாங்க. நீங்க வெண்பள்ளம் போக முடியலன்னாலும் பரவாயில்ல. விளக்கைப் போட்டுக் கேமரா முன்னாடி வெச்சிருங்க. நீங்க ஓரமா நின்னா போதும்.”

விளக்கின் அடியைத் திருகிப் பேட்டரியைப் பிடுங்கினேன். ரேடியோவில் மாட்டினேன். கேட்கும் பக்கத்துக்கு மட்டும் உயிர் வந்தது. விழாவை அவர்கள் இருட்டில் நடத்திக்கொள்ளட்டும். எனக்குத் தேவசகாயம் வருகிற சத்தம் கேட்டால் போதும்.

பயண நாள் 11. காலை என்று நினைக்கிறேன்

புயல் அடங்கவில்லை. விரல் எழுத ஒத்துழைக்கவில்லை. வயிற்றுக்குள் யாரோ துணி பிழிகிறார்கள்.

கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு குப்பி, நல்ல குப்பி ஒன்றே ஒன்று போதும். போட்டதும் மூச்சு அடங்கும். சாயங்காலம் எழுந்து உட்காருவேன். பிறகு தளத்துக்குப் போய் சபாநாயகத்தின் மேசைமேல் அந்தப் பெட்டியை வைப்பேன். உள்ளே அவருடைய மதியச் சாப்பாட்டை வைத்து, வெளியே தூக்கி வைப்பேன். எத்தனை டிகிரி என்று அவரையே படிக்கச் சொல்வேன்.

சாகப் பிடிக்கவில்லை. அதுவும் இதனால்.

பயண நாள் 12

ரேடியோ. தேவசகாயம் குரல். பல் தந்தியடிக்கிற சத்தம் வார்த்தைகளுக்கு நடுவே கேட்கிறது. ஆனால் சந்தோஷமாகப் பேசுகிறார்.

“அக்கா, தேவசகாயம் பேசுறேன். உங்க பதிலு வரலை, ஆனா நீங்க கேட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு ஹசீனா சொல்லிச்சு. மேட்டைத் தாண்டியாச்சு. இன்னும் ரெண்டு மணி நேரந்தான். ஹீட்டருக்குப் போற கரண்டை எல்லாம் சக்கரத்துக்குத் திருப்பி விட்டுட்டேன், அதனாலதாக்கும் ஒரு நாள் முந்தியே வாறேன். கை காலெல்லாம் மரத்துப் போச்சு, அது கிடக்கட்டும்.”

பிறகு:

“மருந்தைப் பத்தி மட்டும் கவலைப்படாதீங்க, கேட்டீங்களா. தலைவர் சொன்ன மாதிரியே பெட்டியில வெச்சு, பின்னாடி கெட்டியா கட்டிப் போட்டிருக்கேன். திறக்கவே இல்லை. நேத்துலேர்ந்து நாலு. இப்பவும் பார்த்தேன். நாலுலயே நிக்குது அக்கா.”

பேசும் விசையை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினேன். கத்தினேன், கண்ணாடிக்குத்தான் கேட்டது.

வெளிச்சம் தெரிகிறது. புழுதிக்குள் இரண்டு விளக்கு. நல்ல மனிதர், வேகமாக வருகிறார்

ஹீட்டர் இல்லாமல்

எந்த நாலு தேவசகாயம்